கிஸ்பெப்டின்: ரத்தத்தில் அளந்தால் என்ன தெரியும், ஊசியாகப் போட்டால் என்ன ஆகும்?

#1 மருந்துப்பெட்டி

இனப்பெருக்க ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச், ஏஎம்எச் எல்லாம் பார்த்தாச்சு, மூளையிலிருந்து அந்தப் பாதையைக் கிளப்பிவிடும் கிஸ்பெப்டினையும் பார்த்துவிடலாமா என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். இன்னொரு பக்கம் இணையத்தில் கிஸ்பெப்டின்-10 பொடி 'ஆய்வுக்கு மட்டும்' என்ற சீட்டோடு குப்பியில் விற்கிறது. டெஸ்டோஸ்டிரோனை 'இயற்கையாக' ஏற்றும் என்று விளம்பரம் வேறு. ரத்த அளவுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா? ஊசிக்கு அடிப்படை உண்டா? இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) செய்பவர்களுக்கும் இந்த ஹார்மோனால் இன்றைக்கு நடைமுறையில் என்ன பயன்? துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நல்லது. "மருத்துவரை அணுகவும்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள்.

#2 மூளைமடல்

கட்டமைப்பு புரிந்தால் உங்கள் கேள்விகளில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

இனப்பெருக்கத்துக்கான கட்டளை மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள சில ஆயிரம் ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்களிலிருந்து வருகிறது. ஜிஎன்ஆர்எச் என்பது பத்தே அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய பெப்டைட். ஷாலியும் கியுமானும் தனித்தனியாக அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1977இல் ரோசலின் யாலோவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அது மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், சினைப்பையையும் விரையையும் இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் இரண்டையும் சுரக்க வைக்கும். இதுவரை பள்ளிப் பாடம்.

பாடத்தில் நெடுங்காலம் ஒரு ஓட்டை இருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் ஜிஎன்ஆர்எச் குறைகிறது, ஆனால் சினைமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் அதே ஈஸ்ட்ரோஜன் ஜிஎன்ஆர்எச்சைப் பொங்க வைக்கிறது. இவ்வளவும் நடக்க, ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்களிலோ முக்கியமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியான (ஏற்பி: ஹார்மோனின் செய்தியைப் பெறும் புரதம்) ஆல்ஃபா வகை இல்லை. அப்படியானால் செய்தி எந்த வழியாகப் போகிறது? நடுவில் நிற்பவை கிஸ்பெப்டின் நரம்பணுக்கள். அவற்றில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண்ட்ரோஜன் மூன்றுக்கும் ஏற்பிகள் உண்டு. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் செய்தியும் அங்கேதான் வந்து சேர்கிறது.

கிஸ்1 மரபணுவை 1996இல் கண்டுபிடித்தபோது, புற்றுநோய் பரவலைத் தடுப்பது என்ற கோணத்தில்தான் பார்த்தார்கள். இனப்பெருக்கத் தொடர்பு 2003இல்தான் தெரிந்தது. பருவமடையாத சிலரின் குடும்பங்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், கிஸ்பெப்டின் ஏற்பியான ஜிபிஆர்54இன் மரபணு செயலிழந்திருப்பதைத் தனித்தனியாகக் கண்டார்கள். அந்த ஒரு ஏற்பி வேலை செய்யவில்லை என்றால் பருவமே வராது. மூளையில் வேறு எத்தனையோ சமிக்ஞைகள் இருந்தும் அந்த இடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை.

ஹைபோதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள கிஸ்பெப்டின் நரம்பணு ஒன்றே மூன்று பொருள்களைச் சுரக்கிறது: நியூரோகைனின் பி, கிஸ்பெப்டின், டைனார்ஃபின். நியூரோகைனின் பி பக்கத்து அணுக்களையும் சேர்த்துக் கிளப்பிவிடும். கிளம்பிய கூட்டம் கிஸ்பெப்டினை ஜிஎன்ஆர்எச் நரம்பு முனைகளில் கொட்டும். பிறகு டைனார்ஃபின் வந்து எல்லாவற்றையும் அடக்கும். கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி கிளம்பும். ஜிஎன்ஆர்எச் துடிப்புத் துடிப்பாக வருவது இப்படித்தான்.

துடிப்பு ஏன் முக்கியம்? 1978இல் எர்னஸ்ட் நோபில் என்ற ஆய்வாளரின் குழு ரீசஸ் குரங்குகளில் காட்டியது இது: மணிக்கு ஒரு முறை ஜிஎன்ஆர்எச் கொடுத்தால் எல்எச், எஃப்எஸ்எச் வருகின்றன. அதே ஜிஎன்ஆர்எச்சை இடைவிடாமல் சொட்டச் சொட்ட ஏற்றினால் இரண்டும் படுத்துவிடுகின்றன. துடிப்பு வேகமானால் எல்எச் பக்கம் சாயும், மெதுவானால் எஃப்எஸ்எச் பக்கம். சினைமுட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களில் ஏறக்குறைய 60–90 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு, அதற்குப் பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறியதும் 3–4 மணி நேரத்துக்கு ஒன்று. மாதவிடாய்ச் சுழற்சியின் மொழியே இந்த இடைவெளிகள்தான். கூடக்குறைய எத்தனை நானோகிராம் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

#3 பகுப்பாளர்

ரத்தப் பரிசோதனைக் கேள்விக்கு ஆய்வகத் தரப்பிலிருந்து பதில்: பார்க்க வேண்டாம். காரணங்கள் மூன்று, முதலாவது ஒன்றே போதும்.

மூளைக்குள் சுரக்கும் கிஸ்பெப்டின் நரம்பு முனையிலேயே வேலையை முடித்துவிடுகிறது. முழங்கையில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் மூளைக்கு வெளியே வேறு திசுக்களிலிருந்து வந்தது. ஹைபோதலாமஸ் என்ன செய்கிறது என்பதை அந்த எண் காட்டாது.

இரண்டாவது, மாதிரி நிற்காது. ரத்தத்தில் உள்ள நொதிகள் இந்தப் பெப்டைடை அறுத்துத் தள்ளுகின்றன. அப்ரோட்டினின் போன்ற நொதித் தடுப்பான் சேர்த்த குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைக்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மாலையில் வண்டியில் அனுப்பினால், வரும் எண் மேசையில் கிடந்த நேரத்தைத்தான் சொல்லும்.

மூன்றாவது, கருவியும் பெப்டைடைப் பிடிக்கும் எதிர்ப்பொருளும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு. முன்னோடிப் புரதம் 145 அமினோ அமிலம். அது வெட்டுப்பட்டு 54, 14, 13, 10 என்று பல நீளத் துண்டுகள் வருகின்றன; கிஸ்பெப்டின்-54, கிஸ்பெப்டின்-10 என்ற பெயர்களில் உள்ள எண் இந்த நீளம்தான். எந்தத் துண்டை எந்தக் கிட் பிடிக்கிறது என்பதில் ஒற்றுமை இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட இயல்பு எல்லை என்று ஒன்று கிடையாது.

ஒரே விதிவிலக்கு கர்ப்பம். நஞ்சுக்கொடி கிஸ்பெப்டினைக் குவித்துச் சுரக்கிறது. கர்ப்பம் இல்லாதபோது இருப்பதைவிட முதல் மூன்று மாதத்திலேயே நூற்றுக்கணக்கான மடங்கும், கடைசியில் பல ஆயிரம் மடங்கும் ஏறுகிறது. கருச்சிதைவு ஆனவர்களில் அளவு குறைவாக இருந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனாலும் வழக்கமான சோதனையாக அது இன்னும் வரவில்லை.

#4 மருந்துப்பெட்டி

தெளிவு. அப்படியானால் எல்எச்சும் துடிப்பாகத்தானே வருகிறது? ஒரே ஒரு முறை எடுத்த எல்எச் எண்ணை வைத்து முடிவெடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

#5 பகுப்பாளர்

சரியான கேள்வி. துடிப்பின் உச்சியில் குத்தினால் ஒரு எண், பள்ளத்தில் குத்தினால் வேறு எண். எஃப்எஸ்எச் ரத்தத்தில் பல மணி நேரம் நிற்பதால் அவ்வளவு ஆடாது. எல்எச் ஆடும். அதனால் எல்எச்/எஃப்எஸ்எச் விகிதம் 2ஐத் தாண்டிவிட்டது, ஆகவே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) என்று எழுதுவது பிழை. அந்த விகிதம் நோயறியும் அளவுகோல்களில் இல்லவே இல்லை.

துடிப்பை உள்ளபடி பார்க்க வேண்டுமென்றால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை, 8 மணி நேரம் ரத்தம் எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்யலாம், மருத்துவமனையில் நடக்காது. நடைமுறையில், மாதவிடாய் வருபவர்களுக்கு 2 முதல் 5ஆம் நாளுக்குள் எல்எச், எஃப்எஸ்எச், எஸ்ட்ராடியோல் (முக்கிய ஈஸ்ட்ரோஜன்) மூன்றையும் ஒரே மாதிரியில் பார்த்து, சேர்த்துப் படிக்க வேண்டும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் காலை 10 மணிக்கு முன், வெறும் வயிற்றில். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி.

#6 அகச்சுரப்பி

மாதவிடாய் நின்றுபோவதைப் பற்றிப் பேசுவோம். அதிகம் தவறவிடப்படுவது இதுதான்.

எடை குறைவு, கடும் பயிற்சி, மன அழுத்தம் இவற்றால் ஹைபோதலாமஸ் துடிப்பை மெதுவாக்கிவிடும் அல்லது நிறுத்திவிடும். சினைப்பையில் கோளாறு இல்லை, பிட்யூட்டரியில் கட்டி இல்லை. மேலிருந்து கட்டளை வரவில்லை, அவ்வளவுதான். முதலில் மற்றவற்றை விலக்க வேண்டும்: கர்ப்பப் பரிசோதனை, தைராய்டுக்கு டிஎஸ்எச், புரோலாக்டின், எஃப்எஸ்எச், எல்எச், எஸ்ட்ராடியோல். தலைவலி, பார்வைக் குறைவு, காரணம் தெரியாத பால் கசிவு இருந்தால் எம்ஆர்ஐ. ஆறு மாதத்துக்கு மேல் மாதவிடாய் இல்லை என்றால் எலும்பு அடர்த்தி.

குழப்பம் இங்கேதான் வருகிறது. இவர்களில் பலருக்கு ஸ்கேனில் சினைப்பை நிறைய சிறு நீர்ப்பைகள் தெரியும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச்சும் தாராளமாக இருக்கும். மாதவிடாயும் வரவில்லை. உடனே 'பிசிஓஎஸ்' என்று எழுதி, எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஏற்கெனவே பட்டினியால் நின்ற துடிப்புக்கு மேலும் பட்டினி! பிரித்தறிய: ஹைபோதலாமஸ் வகையில் எல்எச் தாழ்வு, எஸ்ட்ராடியோல் தாழ்வு, எஸ்எச்பிஜி (பால் ஹார்மோன்களைப் பிணைக்கும் ரத்தப் புரதம்) உயர்வாக இருக்கும், கருப்பையின் உட்சுவர் மெலிந்திருக்கும், முகரோமம் இராது. பிசிஓஎஸ்ஸில் எல்எச் பெரும்பாலும் மேலே, எஸ்எச்பிஜி தாழ்வு, உட்சுவர் தடிப்பு, ஆண்ட்ரோஜன் அறிகுறிகள். சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல்களிலும் மற்ற காரணங்களை விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சூட்டச் சொல்லியிருக்கிறது.

#7 கலோரிக்கணக்கு

டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 'நல்லா சாப்பிடுங்க' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் மாறுவதில்லை, கணக்கு வேணும்.

2003இல் லூக்ஸும் தூமாவும் இளம்பெண்களுக்கு உணவையும் பயிற்சியையும் அளந்து கொடுத்து எல்எச் துடிப்பைப் பார்த்தாங்க. பயிற்சிக்குப் போனது போக உடலுக்கு மிஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கிலோகலோரிக்குக் கீழே இறங்கினதும் துடிப்பு கலைய ஆரம்பிச்சது. அதுவும் ஐந்தே நாளில். 45 இருந்தால் சமநிலை.

எடுத்துக்காட்டு: எடை 55 கிலோ, கொழுப்பு 20 சதவீதம். கொழுப்பு நீங்கிய எடை 44 கிலோ. 44 × 45 = 1,980. ஓட்டத்தில் 500 கிலோகலோரி செலவானால், சாப்பிட வேண்டியது 2,480. அவர் 1,700 சாப்பிடுகிறார்னு வைங்க. 1,700 − 500 = 1,200. அதை 44ஆல் வகுத்தால் 27. எடை குறையாமலேயே இருக்கலாம், ஏன்னா உடல் மற்ற செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது. சுருக்கும் செலவுகளில் முதல் வரிசையில் இருப்பது மாதவிடாய். 'எடை சரியாத்தானே இருக்கு' என்ற வாதம் விழுவது இங்கேதான். 30 என்பதைச் சுவிட்ச் மாதிரி எடுத்துக்க வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும்.

மூளைக்கு இந்தச் செய்தி போகும் வழிகளில் ஒன்று லெப்டின். கொழுப்பணுக்கள் சுரப்பது. நின்றுபோன மாதவிடாய் செயற்கை லெப்டின் கொடுத்ததும் சிலருக்குத் திரும்பியதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அது பசியைக் குறைத்து எடையையும் இறக்கும், அதனால் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

#8 மூளைமடல்

லெப்டினுக்கு ஒரு சேர்க்கை. அது கிஸ்பெப்டின் அணுவிடம் நேரடியாகப் பேசுகிறதா, வேறு நரம்பணுக்கள் வழியாகவா என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. எலிகளில் கிஸ்பெப்டின் அணுக்களிலிருந்து மட்டும் லெப்டின் ஏற்பியை நீக்கிப் பார்த்தபோது கருவளம் கெடவில்லை. ஆகவே பெரும்பகுதி மறைமுக வழிதான்.

#9 அகச்சுரப்பி

கலோரிக்கணக்கு சொன்ன கணக்கை அப்படியே நோயாளியிடம் கொடுக்கலாம். மருந்துப் பக்கம் இரண்டு எச்சரிக்கை மட்டும்.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தப்போக்கு வரவழைப்பது சிகிச்சை ஆகாது. அது மாத்திரை நிறுத்தியதால் வரும் கசிவு. ஹைபோதலாமஸ் தூங்கிக்கொண்டேதான் இருக்கும், எலும்பும் காப்பாற்றப்படுவதில்லை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் எலும்பை வளர்க்கும் ஐஜிஎஃப்-1 உற்பத்தியைக் குறைப்பது அதற்கு ஒரு காரணம். உணவு, பயிற்சி, மனநல ஆதரவு இவற்றை 6–12 மாதம் உண்மையாக முயன்றும் திரும்பவில்லை என்றால், தோலில் ஒட்டும் எஸ்ட்ராடியோல் பட்டை, கருப்பை உட்சுவரைக் காக்கச் சுழற்சியாகப் புரோஜெஸ்டிரோன்.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு, முட்டை வளர்க்கும் மாத்திரையான குளோமிஃபீன் பெரும்பாலும் பலிக்காது. ஈஸ்ட்ரோஜனின் தடுப்பை மறைத்துத்தான் அது வேலை செய்கிறது. ஈஸ்ட்ரோஜனே இல்லாத இடத்தில் எதை மறைக்கும்? இயற்கைக்கு மிக அருகில் இருப்பது ஜிஎன்ஆர்எச் பம்ப்: 90 நிமிடத்துக்கு ஒரு முறை, துடிப்புக்கு 5–20 மைக்ரோகிராம் வரை, போகும் வழியைப் பொறுத்து. ஒற்றை முட்டை வளரும், இரட்டைக் கரு ஆபத்து குறைவு. பம்ப் கிடைக்காத இடத்தில் எல்எச்சும் எஃப்எஸ்எச்சும் சேர்ந்த ஊசிகள், கவனமான ஸ்கேன் கண்காணிப்போடு. எதைத் தொடங்கும் முன்னும் பிஎம்ஐ 18.5ஐத் தொட்டிருக்க வேண்டும்.

#10 மருந்துப்பெட்டி

கிஸ்பெப்டினையே ஊசியாக இவர்களுக்குக் கொடுத்தால்? மேலதிகாரி தூங்குகிறார் என்றால் அவரையே எழுப்புவதுதானே முறை?

#11 அகச்சுரப்பி

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தில்லோவின் குழு, இப்படி மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கிஸ்பெப்டின்-54ஐ நாளுக்கு இரண்டு வேளை தோலடி ஊசியாகப் போட்டது. முதல் நாள் எல்எச் பிரமாதமாக எகிறியது. இரண்டு வாரத்தில் அதே ஊசிக்குப் பதிலே இல்லாத அளவுக்கு மங்கிவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை என்று மாற்றியபோது பதில் ஓரளவு நின்றது. ஏற்பி தொடர்ந்து தட்டப்பட்டால் உள்ளே சுருண்டுகொள்ளும். #2இல் நோபில் குரங்குகளைப் பற்றிச் சொன்ன அதே விதி ஒரு படி மேலே. அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான்: கூட்டக் கூட்ட மங்கல் சீக்கிரம் வரும்.

#12 மருந்துப்பெட்டி

அப்படியானால் குப்பி விற்பவர்கள் சொல்லும் கிஸ்பெப்டின்-10?

#13 மூளைமடல்

ஆண்களில் கிஸ்பெப்டின்-10ஐ நரம்பு வழியே கொடுத்தால் எல்எச் ஏறுகிறது, உண்மை. பல மணி நேரம் சொட்டாக ஏற்றியபோது எல்எச் துடிப்பின் வேகமும் டெஸ்டோஸ்டிரோனும் கூடியதும் பதிவாகியிருக்கிறது. விளம்பரக்காரர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லாமல் விடுவது: அதன் அரை ஆயுள் சுமார் 4 நிமிடம். கிஸ்பெப்டின்-54க்கு சுமார் 28 நிமிடம். காலையில் ஒரு ஊசி போட்டால் மதியத்துக்கு எதுவும் மிஞ்சாது. அடிக்கடி போட்டால் மங்கல். பெண்களிலோ, சுழற்சியின் முற்பகுதியில் கிஸ்பெப்டின்-10 கொடுத்தபோது எல்எச் அசையவே இல்லை, முட்டை வெளிவரும் தறுவாயில் கொடுத்தபோதுதான் ஏறியது. ஒரே பொருள், ஆளையும் நாளையும் பொறுத்து வேறு பலன்.

#14 அகச்சுரப்பி

கிஸ்பெப்டின் எந்த வடிவிலும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அல்ல. 'ஆய்வுக்கு மட்டும்' குப்பியில் உள்ள பொடியின் தூய்மை, கிருமியின்மை, உண்மையான மில்லிகிராம் எதற்கும் யாரும் பொறுப்பில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டே 'விரை சுருங்காமல் இருக்க' கிஸ்பெப்டின் சேர்ப்பவர்களுக்கு: வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் இதே பாதையைத்தான் அடைக்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற வேலை.

இன்னும் முக்கியமானது: குழந்தை வேண்டும் என்று காத்திருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கவே கூடாது. விந்தணு உற்பத்திக்கு விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் வேண்டும், அதை எல்எச்சோ, அதே ஏற்பியில் வேலை செய்யும் கர்ப்பகால ஹார்மோனான எச்சிஜியோதான் தூண்ட முடியும். ஊசியால் ரத்த அளவு ஏறும், எல்எச் விழும், விந்தணு பூஜ்யம் வரை போகலாம்.

ஹைபோதலாமஸ் அல்லது பிட்யூட்டரிக் குறைபாடே உள்ள ஆணுக்கு வழி: எச்சிஜி 1,500 யூனிட் அளவில் வாரம் 2–3 முறை தொடங்கி, டெஸ்டோஸ்டிரோன் இயல்புக்கு வந்தும் 3–6 மாதத்தில் விந்தணு வரவில்லை என்றால் எஃப்எஸ்எச் 75–150 யூனிட் வாரம் மூன்று முறை. விந்தணு தோன்ற 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஆகலாம். மூன்று மாதத்தில் 'பலிக்கவில்லை' என்று நிறுத்துவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

#15 இளம்பருவம்

குழந்தைகள் பக்கமும் பேசணும்.

பருவம் வராமல் இருப்பது: பெண் குழந்தைக்கு 13 வயதில் மார்பு வளர்ச்சி இல்லை, ஆண் குழந்தைக்கு 14 வயதில் விரை வளர்ச்சி இல்லை என்றால் பார்க்கணும். கேட்க மறக்கும் கேள்வி: வாசனை தெரியுதா? ஜிஎன்ஆர்எச் அணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் பிறந்து மூளைக்குள் நடந்து போகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் நுகர்வும் பருவமும் சேர்ந்தே போகும், அது கால்மன் நோய்க்குறி. வாசனை நன்றாகத் தெரிந்தும் பருவம் வராதவர்களில்தான் கிஸ்பெப்டின் ஏற்பி, நியூரோகைனின் பி, அதன் ஏற்பி ஆகியவற்றின் மரபணுக் கோளாறுகள் கிடைக்கின்றன. சிலருக்குச் சிகிச்சைக்குப் பிறகு தானாகவே சரியாவதும் உண்டு, பத்தில் ஒருவர் அளவுக்கு. அதனால் இடையிடையே மருந்தை நிறுத்திப் பார்ப்பது நியாயம்.

முன்கூட்டிப் பருவம்: பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன், ஆணுக்கு 9க்கு முன். 2008இல் கிஸ்பெப்டின் ஏற்பி ஓய்வெடுக்க மறுக்கும் மாற்றம் ஒரு சிறுமியிடம் கண்டறியப்பட்டது. அது மிக அரிது. குடும்பத்தில் ஓடும் வகையில் அதிகம் கிடைப்பது எம்கேஆர்என்3 என்ற மரபணுவின் செயலிழப்பு (2013). இது பருவத்தின் பிரேக். தாய்வழிப் பிரதி எப்போதும் மூடியே இருக்கும், எனவே தந்தை வழியாக வந்தால் மட்டுமே நோய். 'அம்மாவுக்கு எப்போ வயசுக்கு வந்தது' என்று மட்டும் கேட்டால் தவறிவிடும், அப்பா பக்கத்தையும் விசாரிக்கணும்.

உறுதி செய்ய ஜிஎன்ஆர்எச் வகை மருந்து கொடுத்து எல்எச் உச்சத்தைப் பார்ப்பார்கள், 5 யூனிட்/லிட்டர் தாண்டினால் மூளையே கிளப்பியிருக்கிறது என்று பொருள். சிகிச்சையாகக் கொடுப்பதும் ஜிஎன்ஆர்எச் வகைதான், லியூப்ரோலைட் போன்றது. பெற்றோர் திகைப்பது இங்கே: தூண்டும் ஹார்மோனைக் கொடுத்துப் பருவத்தை நிறுத்துவதா? ஆமாம், இடைவிடாத வடிவில் கொடுப்பதால். முதல் சில வாரம் தூண்டல் கூடும், ஏற்கெனவே வளர்ந்த கருப்பை உட்சுவர் இருந்தால் ஒரு முறை ரத்தப்போக்கு வரலாம், முன்பே சொல்லிவிடுங்க. அதன்பிறகு அடங்கும். ஊசி நாள் தள்ளிப்போனால் பாதை விழித்துக்கொள்ளும். 28 நாள் ஊசியை 'இந்த மாதம் பரீட்சை, அடுத்த மாதம் போட்டுக்கலாம்' என்று தள்ளக் கூடாது.

#16 கருவியலாளர்

கிஸ்பெப்டினுக்கு உண்மையிலேயே எதிர்காலம் தெரியும் இடம் ஐவிஎஃப். வளர்ந்த முட்டைகளைக் கடைசியாகப் பழுக்க வைக்க ஒரு ஊசி தேவை, 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. வழக்கமானது எச்சிஜி 5,000–10,000 யூனிட். அது எல்எச் ஏற்பியிலேயே உட்கார்ந்து பல நாள் விடாது. முட்டைகளைக் கொண்ட நுண்பைகள் நிறைய வளர்ந்த பெண்ணுக்கு, அதுவும் பிசிஓஎஸ் உள்ளவருக்கு, சினைப்பைகள் விஇஜிஎஃப் என்ற புரதத்தை அளவுக்கு மீறி வெளியிடும். ரத்தக்குழாய்ச் சுவர் கசியும், வயிற்றில் நீர் கோக்கும், ரத்தம் கெட்டியாகும், உறைந்து குழாயை அடைக்கும். இதுதான் சினைப்பை மிகைத்தூண்டல். உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாற்று, ஜிஎன்ஆர்எச் போலவே ஏற்பியைத் தூண்டும் அகோனிஸ்ட் ஊசி, டிரிப்டோரெலின் 0.2 மி.கி. போல. பெண்ணின் பிட்யூட்டரியிலிருந்தே எல்எச் பொங்க வைக்கும், சீக்கிரம் ஓயும். அதற்குக் கொடுக்கும் விலை: கருவைத் தாங்கப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் மஞ்சட்சடலம் சீக்கிரம் சரிந்துவிடும், அதனால் கருக்களை உறைய வைத்து அடுத்த சுழற்சியில் வைப்பதே பாதுகாப்பு. முட்டை முன்கூட்டி வெளிவராமல் இருக்க ஜிஎன்ஆர்எச் ஏற்பியை அடைக்கும் மருந்து கொடுக்கும் ஆன்டகோனிஸ்ட் முறையில் மட்டுமே இது வேலை செய்யும். நீண்ட அகோனிஸ்ட் முறையில் பிட்யூட்டரி ஏற்கெனவே அடங்கியிருக்கும், பொங்காது. ஹைபோதலாமஸ் குறைபாடு உள்ளவர்களிலும் தோற்கலாம். சந்தேகம் இருந்தால் ஊசி போட்ட 12 மணி நேரத்தில் எல்எச் பாருங்கள். 15 யூனிட்டுக்குக் கீழே என்றால் காலியான நுண்பைகளே கிடைக்கக்கூடும்.

கிஸ்பெப்டின்-54 இன்னும் ஒரு படி மேலிருந்து தள்ளுகிறது. 2014இல் வெளியான முதல் ஆய்வில் 53 பெண்களுக்கு ஒரே ஊசி, 51 பேருக்கு முட்டை பழுத்தது, குழந்தைகளும் பிறந்தன. அடுத்த ஆண்டு, மிகைத்தூண்டல் ஆபத்து அதிகமுள்ள 60 பெண்களில் நடுத்தரமோ தீவிரமோ ஒருவருக்கும் வரவில்லை. முதல் ஊசியிலிருந்து 10 மணி நேரத்தில் இரண்டாவது ஊசி போட்டபோது, போதாமல் பழுத்தவர்களிலும் முட்டை எண்ணிக்கை மேம்பட்டது.

#17 மருந்துப்பெட்டி

ஒரு நிமிடம். நாளுக்கு இரண்டு ஊசியில் மங்கிவிடும் என்று #11இல் படித்தோம். இங்கே இரண்டாவது ஊசி எப்படி உதவுகிறது?

#18 கருவியலாளர்

அங்கே வாரக்கணக்கு, இங்கே ஒரே இரவு. நமக்கு வேண்டியது ஒரே ஒரு பொங்கல். அதற்குப் பிறகு பாதை மங்கினாலும் கவலை இல்லை. அதனால்தான் இந்தப் பொருளின் பலவீனம் இந்த ஒரு இடத்தில் உறுத்துவதில்லை. ஆனால் அவசரப்பட வேண்டாம்: எச்சிஜியோடும் அகோனிஸ்ட்டோடும் நேருக்கு நேர் வைத்து, பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் பெரிய சோதனை இல்லாமல் இதை வழக்கமாக்க முடியாது. இப்போதைக்கு அதிக ஆபத்துள்ளவருக்கு அகோனிஸ்ட் ஊசியும் கரு உறைய வைத்தலும் போதுமான அளவு நன்றாகவே வேலை செய்கின்றன.

#19 அகச்சுரப்பி

புரோலாக்டினை விட்டுவிடக் கூடாது. உயர்ந்த புரோலாக்டின் மாதவிடாயை நிறுத்துவது பெரும்பாலும் கிஸ்பெப்டின் அணுவை அடக்குவதால்தான். ஆனால் சிகிச்சை புரோலாக்டினை இறக்குவது, கிஸ்பெப்டின் கொடுப்பது அல்ல. காபர்கோலின் 0.25–0.5 மி.கி. வாரம் ஒன்றோ இரண்டோ முறை தொடங்கும் அளவு. அதற்கு முன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள்: ரிஸ்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, டொம்பெரிடோன் மூன்றும் ஏற்றும். தைராய்டு குறைவும் ஏற்றும், தைராய்டைச் சரிசெய்தால் தானே இறங்கும். மனநோய்க்கான மருந்தை மனநல மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஓபியாய்டு வலிநிவாரணிகளை நீண்டநாள் எடுப்பவர்களையும் கேளுங்கள். டைனார்ஃபின் உடலின் சொந்த ஓபியாய்டு, துடிப்பை நிறுத்துவது அதன் வேலை. வெளியிலிருந்து வரும் ஓபியாய்டும் ஜிஎன்ஆர்எச் துடிப்பை அடக்கும். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வரும் ஆண்களில் இது அடிக்கடி தப்பிப்போகிறது.

#20 மூளைமடல்

பிசிஓஎஸ் பற்றி ஒரு வரி போதாது. அங்கே துடிப்பு நிற்பதில்லை, ஓயாமல் வேகமாக ஓடுகிறது. மெதுவாக்க வேண்டிய புரோஜெஸ்டிரோனின் பேச்சை, ஆண்ட்ரோஜன் மிகுந்த சூழலில், மூளை சரியாகக் கேட்பதில்லை. எல்எச் கூடும், சினைப்பை மேலும் ஆண்ட்ரோஜன் செய்யும், வட்டம் சுற்றும். ரத்தக் கிஸ்பெப்டின் இவர்களில் சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் இயல்பானவர்களோடு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் தனி ஒருவருக்குப் பயனில்லை. நியூரோகைனின் பி ஏற்பியைத் தடுத்துப் பார்த்தபோது எல்எச்சும் டெஸ்டோஸ்டிரோனும் இறங்கின. அந்த மருந்து கல்லீரல் நொதிகளை ஏற்றியதால் கைவிடப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபெசோலினெட்டன்ட் 45 மி.கி., வயதாகி மாதவிடாய் நின்றபின் வரும் உடல் வெப்ப அலைக்காக 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, கல்லீரல் பரிசோதனை நிபந்தனையோடு. ஈஸ்ட்ரோஜன் போனபின் இதே கிஸ்பெப்டின் அணுக்கள் பருத்து, பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டைத் தொந்தரவு செய்வதுதான் அந்த அலை.

#21 மருந்துப்பெட்டி

கடைசியாக, சோதனைக்கு அனுப்பும் முன் மருந்துக்கடையிலேயே நாங்கள் கேட்க வேண்டியது எது?

#22 பகுப்பாளர்

முடி, நகத்துக்கான மாத்திரை. அவற்றில் பயோட்டின் 5–10 மி.கி. இருக்கும், பல கருவிகளின் வேதியலே பயோட்டினை நம்பி நிற்கிறது. அப்படிப்பட்ட கருவியில் எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், டிஎஸ்எச் பொய்யாகத் தாழும், எஸ்ட்ராடியோலும் டெஸ்டோஸ்டிரோனும் பொய்யாக ஏறும். குறைந்தது 2–3 நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள்.

புரோலாக்டின் என்றால் தூங்கி எழுந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு எடுக்கட்டும். லேசான உயர்வை மறுபடி பார்க்காமல் எம்ஆர்ஐக்கு அனுப்ப வேண்டாம். அறிகுறியே இல்லாமல் உயர்வு என்றால் பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கொண்டு படிய வைத்து மேக்ரோபுரோலாக்டின் பார்க்கச் சொல்லுங்கள், வேலை செய்யாத பெரிய மூலக்கூறு அது, மாத்திரை தேவையில்லை. தலைகீழாக, பிட்யூட்டரியில் பெரிய கட்டி இருந்தும் புரோலாக்டின் மிதமாக மட்டும் வந்தால் மாதிரியை 100 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். அளவு மிதமிஞ்சும்போது எதிர்ப்பொருள்கள் திணறி எண்ணைக் குறைத்துக் காட்டும்.

படிவத்தில் சுழற்சியின் எத்தனையாவது நாள், ரத்தம் எடுத்த மணி, உட்கொள்ளும் ஹார்மோன் மருந்து, கடைசி ஊசி தேதி நான்கையும் எழுதச் சொல்லுங்கள். இவை இல்லாமல் வரும் எல்எச் 4.2 என்ற எண்ணைப் படித்துச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.